மாடியில் சாமி ஆடினார்கள்

எனக்கு இடது காது மந்தம். கம்பெனி கேட்டில் செக்யூரிட்டியாக நின்ற பதினோரு வருஷமும் ஜெனரேட்டர் ஓரமாகவே நாற்காலி போட்டிருந்தார்கள். அதில் போன காது. வலது காது நன்றாகக் கேட்கும். ஆனால் எங்கள் வீட்டு மாடிப்படியில் ஏறும்போது ரூம்களெல்லாம் இடது கைப் பக்கம் வருகின்றன. அதனால் மேலே பேசுகிற பேச்சு எனக்குப் பாதிதான் வந்து சேரும். நான் சொல்லப்போவது அந்தப் பாதியால் வந்தது.

பள்ளிக்கூடம் போனவன் இல்லை நான். நான் சொல்லச் சொல்ல மருமகள் எழுதுகிறாள். "நீங்க பேசற மாரியே எழுதினா நல்லா இருக்காது மாமா" என்று அவளாகவே நேராக்கிக்கொள்கிறாள். ஆட்கள் பேசிக்கொண்டதை மட்டும் நேராக்காதே என்று சொல்லியிருக்கிறேன்.

மண்ணூரில் என் வீட்டுக்கு மேலே மூன்று ரூம் உண்டு. வேர்க்கடலை போட்ட நிலம் சாலைக்குப் போனபோது கிடைத்ததை வைத்துக் கட்டினேன். நிலம் போனதில் எனக்கு வருத்தமில்லை. அந்தக் கடலையைப் பிடுங்கிப் பிடுங்கி என் முதுகு வளைந்ததுதான் மிச்சம். ரூம் வாடகைக்கு முதுகு வளைக்க வேண்டாம். தண்ணீர் மோட்டாரை நேரத்துக்குப் போட்டால் போதும்.

நடு ரூமில் மூன்று பேர். மூன்று பேரும் தெற்கத்திக்காரர்கள், கல்யாணம் ஆகாதவர்கள், ஒரகடத்தில் ஆளுக்கொரு கம்பெனி. ஒருவன் திருநெல்வேலிப் பக்கம், கம்பெனியில் குவாலிட்டி பார்க்கிறவன். ஒருவன் பரமக்குடி. மூன்றாவது ஆள் தூத்துக்குடி, பெயிண்ட் ஷாப்பில் வேலை. துவைத்த பிறகும் அவன் துணியில் அந்த வாடை போகாது. மூவருக்கும் ஞாயிற்றுக்கிழமை சேர்ந்து லீவு வந்தால் காலையிலேயே கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள். சீட்டாட்டம் என்று நினைத்திருந்தேன்.

அன்றைக்கும் ஞாயிற்றுக்கிழமைதான். டேங்க் வழிகிற சத்தம் கேட்டு மேலே ஏறினேன். பாதிப் படியில் இருக்கும்போது திருநெல்வேலிக்காரன் குரல் வந்தது.

"ஏலே, இன்னைக்கு யாரு சாமி ஆடுதது?"

"போன வாரம் நான் ஆடுனேன்ப்பா. தொண்டத் தண்ணி வத்திப்போச்சு. இன்னைக்கு ஒன் மொறை."

"சரி, நான் ஆடுதேன். கம்முனு இருங்க."

நின்றுவிட்டேன். சாமி ஆடுவது எனக்குத் தெரியாத காரியமில்லை. ஆனால் முறை போட்டுக்கொண்டு ஆடுவதை எங்கும் கேட்டதில்லை. அப்போது உள்ளேயிருந்து ஒரு அதட்டல் வந்தது. பேசுகிற குரலே வேறாகிவிட்டது.

"அடேய்! என் பேரைச் சொல்லியா ஊரை ஏமாத்தின? நான் வராமலே வந்தேன்னா சொன்ன?"

படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். டேங்க் பாட்டுக்கு வழிந்துகொண்டிருந்தது.

ஏன் உட்கார்ந்தேன் என்பதைச் சொன்னால்தான் மற்றது புரியும். எங்கள் ஊர் அம்மன் என் இருபத்திரண்டு வயசில் முதலில் என் மேல் வந்தாள். ஆடி மாசம் கூழ் வார்க்கிற ஞாயிற்றுக்கிழமை. பம்பைக்காரர்கள் அடித்துக்கொண்டிருந்தார்கள், நான் அடுப்புக்கு விறகு தள்ளிக்கொண்டிருந்தேன். அப்புறம் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. கண் திறந்தபோது தலையில் மஞ்சள் தண்ணீர், வாயில் வேப்பிலைக் கசப்பு. அன்றிலிருந்து வருஷா வருஷம் வந்தாள். ஜனங்கள் வாக்குக் கேட்பார்கள். நான் சொன்னது எனக்கே தெரியாது, அவர்கள் திருப்பிச் சொன்னால்தான் தெரியும். ஒரு தடவை தர்மகர்த்தாவின் அப்பாவை எல்லார் முன்னாலும் திட்டிவிட்டேனாம். நான் எங்கே திட்டினேன், அவள்தான் திட்டினாள்.

என் சம்சாரம் படுக்கையில் விழுந்த வருஷம், அவள் அக்காவே வந்து என்னிடம் வாக்குக் கேட்டாள். எழுந்து நடப்பாள் என்று என் வாயிலிருந்து வந்ததாம். ஐப்பசியில் சம்சாரம் போய்விட்டாள். அடுத்த ஆடிக்குப் பம்பை அடித்தார்கள். நின்றேன். ஒன்றும் வரவில்லை. பம்பைக்காரர் கை ஓய்கிற மட்டும் அடித்தார். கையில் குழந்தையோடு பொம்பளைகள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில் என் உடம்பை நானே ஆட்டினேன். அப்படியே மூன்று ஆடி போய்விட்டது. அது நான் என்று யாருக்கும் தெரியாது.

அதோடு போயிருந்தாலும் பரவாயில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு இரண்டு நாள் முன்னால், கம்பெனி பஸ் நிற்கிற இடத்தில் இட்லி விற்கிற அம்மா என்னிடம் வந்தாள். அவள் வீட்டுக்காரருக்குச் சர்க்கரை, கால் விரல் புண்ணாகி ஆறவேயில்லை. விரலை எடுக்க வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள்.

"எடுக்கறதா வேணாமான்னு அம்மா வாயத் தொறந்து சொல்லட்டும்ணா. ஆடி கூழுக்கு வந்து கேக்கறேன். அதுக்கப்புறந்தான் ஆஸ்பத்திரி."

ஆடிக்கு அப்போது இன்னும் ஆறேழு வாரம் இருந்தது.

இப்போது படிக்கு வருகிறேன். சாமி வந்துவிட்டால் சும்மா உட்கார்ந்திருக்கக் கூடாது, அது எங்கள் பழக்கம். என்னைப் பிடிக்கத்தான் அவள் வாடகைக்காரன் மேல் இறங்கியிருக்கிறாள் என்று எனக்குச் சந்தேகமேயில்லை. கீழே இறங்கி, சொம்பு நிறைய மஞ்சள் கரைத்து, வாசல் வேம்பில் ஒரு கொத்து உடைத்து, தட்டில் சூடம் ஏற்றிக்கொண்டு மேலே போனேன். கதவைத் தள்ளினேன். திருநெல்வேலிக்காரன் பெட்ஷீட்டைத் தோளில் போட்டுக்கொண்டு கட்டில் மேல் நின்றிருந்தான். ஒரு கையைத் தூக்கியிருந்தான். நான் நேராகப் போய்ச் சொம்பை அவன் காலில் கவிழ்த்தேன்.

"தாயே, நான்தான். நான் பண்ணது தப்புதான். நீ யாருக்கும் எதுவும் பண்ணிடாத."

பிறகு பெயிண்ட் ஷாப் தம்பி மெதுவாகச் சொன்னான்: "லேய், ஓனர் தாத்தா ஒன்னயக் கும்புடுதாரு. எறங்குலே."

திருநெல்வேலிக்காரன் கட்டிலிலிருந்து குதித்தான். "ஐயையோ தாத்தா! சாமியும் வரல ஒண்ணும் வரல! நாங்க வெளையாடுதோம்!"

"வெளையாடறீங்களா? சாமி ஆடறேன்னு சொன்னியே?"

"ஆமா, ஆடுதோம். ஆட்டம். கேம் தாத்தா!"

"மேப்பு போச்சுய்யா!" என்று பரமக்குடிக்காரன் கத்தினான். அப்போதுதான் கீழே பார்த்தேன். நாலைந்து தாளை ஒட்டி, தரை அகலத்துக்கு மலை, காடு, கோட்டை என்று வரைந்து வைத்திருந்தார்கள். மஞ்சள் தண்ணீர் அதன் நடுவில் பரவிக்கொண்டிருந்தது. "ஆறு மாசமா வரஞ்சதய்யா! தாத்தா ஊர ஊரா முக்கிப்புட்டாக!"

துணி எடுத்து ஒற்றினார்கள். ஒற்றியும் போகவில்லை, மஞ்சள் ஆயிற்றே. நான் வேப்பிலையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். சூடம் அணைந்துவிட்டது. கடைசியில் திருநெல்வேலிக்காரன் தாளைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தான்.

"விடுங்கலே. இனிமே இது மஞ்சக் கடல். நேத்து வரைக்கும் இங்கன ஊரு இருந்துச்சு, ஒரு கிழவன் வந்து கடலாக்கிட்டான்."

"எந்தக் கெழவன்டா?" என்றேன். அப்போதுதான் மூன்று பேரும் சிரித்தார்கள். எனக்கும் மூச்சு வந்தது.

உட்காரவைத்து விளக்கினார்கள். கட்டம் கிடையாது, காசு கிடையாது. ஒருவன் கதை சொல்லுவான். இங்கே அது திருநெல்வேலிக்காரன், இன்ஜினியரிங் காலேஜ் ஹாஸ்டலில் கற்றுக்கொண்டு வந்தவன். மற்றவர்கள் கதைக்குள் ஆளாக இருப்பார்கள். பெயிண்ட் ஷாப் தம்பி வாள் வீரன். பரமக்குடிக்காரன் பூசாரி. வழியில் பேய் வரும், குகை வரும். செய்வது பலிக்குமா பலிக்காதா என்பதற்கு ஒரு காய் உருட்டுவார்கள். அந்தக் காய்க்கு இருபது முகம். அது கூரியரில் வந்த அன்று நான்தான் கையெழுத்துப் போடத் தெரியாமல் பெருவிரல் காட்டி, அதெல்லாம் வேண்டாம் என்று கூரியர்காரன் சொன்ன பிறகு சும்மா வாங்கி வைத்தேன். புளியங்கொட்டை மாதிரி உள்ளே ஆடியது. இதற்காகவா இவ்வளவு பெரிய டப்பா என்று நினைத்தேன்.

பூசாரிக்குச் சக்தி அவன் சாமியிடமிருந்து வருமாம். அவன் வேண்டிக்கொண்டால் வெட்டுப்பட்ட காயம் ஆறும். அப்போது சாமி பேச வேண்டிய இடம் வந்தால் முறை வைத்து ஆளுக்கொரு தடவை சாமியாகப் பேசுவார்கள். அதைத்தான் நான் படியில் கேட்டேன். கதையில் பூசாரி என்ன தப்பு செய்தான் என்று கேட்டேன். கோட்டைக்கு வெளியே கூட்டாளிகளைப் பேய் துரத்தி வருகிறது. உள்ளே ஊர்க்காரர்கள் கதவைத் திறக்க மாட்டேன் என்கிறார்கள். சாமி திறக்கச் சொன்னாள் என்று இவன் பொய் சொன்னான். திறந்தார்கள். கூட்டாளிகளும் வந்தார்கள், பேயும் உள்ளே வந்துவிட்டது. அன்றிலிருந்து சாமி இவனுக்குப் பதில் சொல்வதில்லை.

நான் கீழே இறங்கினேன். அணைக்காத மோட்டார் ஓடி ஓடிக் கீழ்த்தொட்டி காலியாகியிருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர்களே கூப்பிட்டார்கள். பரமக்குடிக்காரன் வந்து, "தாத்தா, ஒரு சந்தேகம், வாங்க" என்றான். போனேன். ஒரு தாளைக் காட்டினான். அவர்கள் உலகத்துச் சாமிகளை எழுதி வைத்திருக்கிற தாள். ஆபீஸ் ஜெராக்ஸ். புயலுக்கு ஒரு சாமி, இரும்புக்கு ஒன்று, செத்தவர்களைக் கூட்டிப்போக ஒன்று, கதவுக்கு ஒன்று. ஒவ்வொன்றுக்கும் நேரே ஆயுதம், சக்தி, அப்புறம் நல்லதா கெட்டதா நடுவா என்று எழுத ஒரு கட்டம்.

"இன்னா படைப்பீங்க இதுக்கு?" என்றேன்.

முழித்தார்கள். புத்தகத்தில் அது இல்லையாம்.

"எந்தக் கெழம? கோவம் வந்தா எப்டி எறக்குவீங்க? இந்தக் கதவு சாமி எங்கேந்து வந்துச்சு, யாரு வூட்டுப் பொண்ணு?"

"தாத்தா, மெதுவா, மெதுவா" என்று பரமக்குடிக்காரன் நோட்டை எடுத்து எழுத ஆரம்பித்தான். "எங்க ஊர்ல கருப்பனுக்குச் சுருட்டு வைப்பாக. அதெல்லாம் எனக்கே தோணலயே."

"இவன் சாமிய நம்பாத பய தாத்தா" என்றான் பெயிண்ட் ஷாப் தம்பி. "ஆனா கேமுல மட்டும் பூசாரியாத்தான் வருவான்."

"நம்பலைன்னு யாருடா சொன்னது? கோயிலுக்குப் போறதில்ல, அம்புட்டுத்தேன்."

அவர்கள் கதையில் என் தண்ணீரால் ஒரு கடல் வந்துவிட்டதால் அதற்கு ஒரு சாமி வேண்டுமாம். எங்கள் அம்மனைச் சொன்னேன். எல்லைக் காவல், வேப்பிலை, கூழ். பெயர் வைக்க வேண்டாம், அம்மா என்று போட்டால் போதும் என்றேன். திருநெல்வேலிக்காரன் பேனாவைக் கட்டத்துக்குக் கொண்டுபோய், "நல்ல சாமிதான?" என்றான்.

"அம்மை போடறதும் அவதான், எறக்கறதும் அவதான். எதுல எழுதுவ?"

"அப்போ நடு."

"நடுன்னா ரெண்டும் இல்லன்னு அர்த்தம். இவ ரெண்டும்."

அந்தக் கட்டத்தில் கோடு போட்டு நல்லது, கெட்டது இரண்டையும் நெருக்கி எழுதினான். பக்தர்கள் அதிகமானால் சாமிக்குச் சக்தி அதிகமாகும் என்றும் அவர்கள் புத்தகத்தில் இருக்கிறதாம். அது உண்மையாக இருக்கலாம். முன்பு எங்கள் அம்மனுக்கு நாற்பது வீடு. இப்போது எந்த ஊர் ஆளோ, புது பைக் எடுத்தால் அவள் முன்னால் சக்கரத்தில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிவிட்டுத்தான் வேலைக்குப் போகிறான். வெள்ளிக்கிழமை அந்த இடமே வழுக்கும்.

இட்லியம்மாவை அந்த வாரம் பார்த்தேன். புண் வந்த விரல் ஒன்று இரண்டாகிவிட்டது என்றாள். "ஆடி எப்போண்ணா வரும்?" என்று என்னையே கேட்டாள். நாளைக் காலண்டரில் பார்க்கத் தெரிந்தவள்தான் அவள். பொட்டலத்தை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன், சாப்பிடவும் இல்லை.

அதற்கு அடுத்த ஞாயிறு. மேலே ஒரே சத்தம். திருநெல்வேலிக்காரன் சாமியாகப் பேசியதை மற்ற இருவரும் கிண்டல் பண்ணிக்கொண்டிருந்தார்கள்.

"ஏல, ஒன் சாமி பேசுனா ஷிப்ட் சூப்பர்வைசர் பேசுத மாதிரி இருக்கு. 'ஏன் லேட்டு, ஏன் கும்புடல'ன்னு."

"அப்ப நீ பேசுலே, பாப்போம்."

"நீங்க ஒருக்கா பேசுங்க தாத்தா" என்றான் பரமக்குடிக்காரன். "நீங்க சாமியாடின்னு கோயில்ல சொன்னாக."

முடியாது என்றேன். ஆனால் நாற்காலி போட்டுவிட்டார்கள். பெட்ஷீட்டும் வந்தது. எனக்குக் காய் கிடையாதா என்று கேட்டேன்.

"சாமிக்கு டைஸ் இல்ல தாத்தா. நெனச்சா நடக்கும்."

"எங்க சாமிக்கு அப்டி இல்லப்பா" என்றேன். சிரித்தார்கள். நான் சிரிப்புக்குச் சொல்லவில்லை.

கதை இப்படி இருந்தது. குகைக்குள் வாள் வீரன் விழுந்துகிடக்கிறான், காலில் பேய் கடித்த காயம், விஷம் ஏறுகிறது. அது கால் என்று முன்கூட்டியே தெரிந்திருந்தால் நான் உட்கார்ந்திருக்க மாட்டேன். பூசாரி சாமியைக் கூப்பிட வேண்டும். பரமக்குடிக்காரன் தரையில் மண்டி போட்டான். அதுவரை சிரித்துக்கொண்டிருந்தவன், என்னைப் பார்த்ததும் சிரிப்பை விட்டுவிட்டான்.

"ஆத்தா, நான் ஒன்னய வச்சுப் பொய் சொல்லிட்டேன். அதுனாலதான் வரமாட்டேங்கிறியா? நான் என்ன செய்யணும்னு சொல்லு. இவன் சாகப்போறான்."

நான் வாயைத் திறந்தேன். ஒன்றுமில்லை. மேலே ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. பம்பைக்காரர் கை ஓயும் வரை நின்ற அந்த முதல் ஆடியும் இப்படித்தான் இருந்தது, ஆனால் அங்கே நான் உடம்பை ஆட்டினேன். இங்கே ஆட்டத் தோன்றவில்லை.

"செமையா பண்ணுதாரு" என்று பெயிண்ட் ஷாப் தம்பி கிசுகிசுத்தான்.

"எனக்குத் தெரியலப்பா" என்றேன். "நான் ஏன் வரலன்னு எனக்கே தெரியல."

சிரிப்பார்கள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. பரமக்குடிக்காரன் என்னையே பார்த்தான். பிறகு கதைக்காரன் பக்கம் திரும்பினான்.

"சரி. சாமி வரல. என் வேட்டியக் கிழிச்சுக் கட்டுறேன். விஷம் ஏறுன எடத்த வெட்டி எடுத்துர்றேன்."

"நீ வைத்தியம் படிக்கலல்லா? ரொம்பக் கஷ்டம். பதினஞ்சுக்கு மேல விழணும்."

"விழலைன்னா சாவட்டும். சும்மா ஒக்காந்துருக்க முடியாதுல்ல."

உருட்டினான். அது தரையில் ஓடி என் காலடியில் வந்து நின்றது. எனக்கு எண் மட்டும் தெரியும், வாடகைக்காக மருமகள் கற்றுக்கொடுத்தது. பதினேழு.

வாள் வீரன் பிழைத்தான். இனிமேல் நொண்டுவான் என்று கதைக்காரன் சொன்னான். "நொண்டுனா என்ன, வாள் கையிலதான இருக்கு" என்றான் பெயிண்ட் ஷாப் தம்பி. டீ வந்தது. எனக்குக் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"தம்பி, அந்தக் கதவு விஷயம். ஆளுங்கள காப்பாத்தத்தானே பொய் சொன்னான்? நல்லதுக்குத்தானே?"

திருநெல்வேலிக்காரன் டீயை ஆற்றிக்கொண்டே சொன்னான். "நீங்க இப்போ சாமியா பேசுனீய. இது ஆட்டம்னு எங்க எல்லாத்துக்கும் தெரியும். அதனால ஒண்ணுமில்ல. அந்த ஊர்க்காரனுக்குத் தெரியாதுல்லா? அவன் நெசமுன்னு நெனச்சுல்லா கதவத் தொறந்தான். உள்ள வந்த பேய் அவன் பிள்ளையளத்தான் கடிச்சுது."

அவன் கதையைத்தான் சொன்னான். வேறு ஒன்றும் அவன் மனசில் இல்லை. பரமக்குடிக்காரன் மட்டும் நான் இறங்கும்போது படி வரை வந்தான்.

"தாத்தா. அன்னைக்கு மஞ்சத்தண்ணி ஊத்தும்போது 'நான் பண்ணது தப்பு'ன்னு சொன்னீக."

"ஆமா."

அதற்கு மேல் அவன் கேட்கவில்லை. "பாத்து எறங்குங்க" என்றான்.

அன்று மதியமே இட்லியம்மா வீட்டுக்குப் போனேன். போகிற வழியில் ஒரு யோசனை வந்தது, அதையும் மறைக்காமல் சொல்கிறேன். ஆடிவரை எதற்கு? இப்போதே அவள் வாசலில் நின்று ஆடிவிடலாம். நாளைக்கே ஆஸ்பத்திரிக்குப் போ என்று அம்மன் வாயால் சொல்லிவிடலாம். தட்டாமல் கேட்பாள். ஒரே ஒரு கடைசிப் பொய், கால் பிழைக்கும். அந்த யோசனை என்னை அவள் வீடுவரை கொண்டுபோய்விட்டது.

இட்லித் துணிகளைக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தாள். அவள் வீட்டுக்காரர் கட்டிலில், காலைச் செங்கல் மேல் தூக்கி வைத்திருந்தார். வாசலிலேயே வாடை வந்தது. நான் தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டினேன். ஆடுவதற்கு முன்னால் நான் செய்வது அது. அவளுக்கும் தெரியும்.

"ஐயோ, அம்மா வூடு தேடி வந்துட்டாளா!" என்று உள்ளே ஓடிச் சூடத்தோடு வந்தாள். நெருப்புக்குச்சியைக் கிழித்தாள்.

"கொளுத்தாத" என்றேன்.

"ஏண்ணா?"

"அவ வரல. என் மேல வந்து நாலு வருசமாவப்போவுது. வூட்டுக்காரி போனதுலேந்து வரல. நானாத்தான் ஆடிகினு இருந்தேன்."

குச்சி விரல் வரை எரிந்து அவள் உதறினாள்.

"நானா சொல்றேன், கேளு. ஆடி வரைக்கும் வெச்சிகினு இருக்காத. நாளைக்கே இட்டுகினு போ."

அவள் அதைக் கேட்டதாகவே தெரியவில்லை. "போன வருசம் என் பொண்ணு கல்யாணத்துக்கு வாக்கு கேட்டனே. 'குடு, நல்லா இருப்பா'ன்னு சொன்னது யாரு?"

"நான்தான்."

"அம்மா இல்ல?"

"இல்ல. நான்தான்."

"உன்ன நம்பியா நான் பொண்ணக் குடுத்தேன்? உன்னையா?" அவள் குரல் தெரு முனை வரை போயிருக்கும். "அவ நல்லாத்தான் கீறா. நல்லா இல்லாம பூட்டிருந்தா? அப்பவும் நீ துண்டக் கட்டிகினு ஆடிகினுதானே இருந்திருப்ப? த்தூ! எழுந்து போய்யா என் வாசல்லேந்து!"

நான் உட்காரவேயில்லை, நின்றுகொண்டுதான் இருந்தேன். அதைச் சொல்லத் தோன்றியது, சொல்லவில்லை. அப்போது கட்டிலிலிருந்து அவள் வீட்டுக்காரர் பேசினார். அந்த மனிதர் அதிகம் பேசுகிறவர் இல்லை.

"ஏமே. எனக்கு சாமி வாக்கும் வேணாம், இவுரு வாக்கும் வேணாம். இந்த நாத்தம் எனக்கே தாங்கல. காலையில இட்டுகினு போ."

திங்கட்கிழமை என் மருமகள் ஷிப்ட் வேனை விட்டுவிட்டு அவர்களோடு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனாள். முன் பாதத்தை எடுத்துவிட்டார்கள். முதலில் விரலோடு போயிருக்க வேண்டியது. நடுவில் போன அந்த இரண்டு வாரம் என்னுடையது. இதை எழுதும்போது மருமகள் "வேணாம் மாமா, இத வுட்ருங்க" என்கிறாள். எழுது என்கிறேன்.

தர்மகர்த்தாவிடமும் போய்ச் சொன்னேன். "உடம்பு முடியலன்னு சொல்லிக்கலாமே, எதுக்கு இத்தயெல்லாம் வெளிய சொல்ற?" என்றார். அவர் நல்ல மனசோடுதான் சொன்னார். எனக்கு இன்னொரு பொய்க்குத் தெம்பில்லை என்றேன்.

ஆடி ஞாயிறு வந்தது. பம்பை அடித்தார்கள். நான் முதல் வருஷம் போல அடுப்புப் பக்கம் நின்று கூழ் கிண்டினேன். பம்பைக்காரர் பழக்கத்தில் என் பக்கமே திரும்பித் திரும்பிப் பார்த்தார். நான் கூழைப் பார்த்தேன். அன்றைக்கு யார் மேலும் அவள் வரவில்லை. பம்பை அடித்து ஓய்ந்தது, பிறகு ஜனங்கள் கூழுக்குச் சொம்பை நீட்டினார்கள். அவள் வராததை ஊர் சேர்ந்து பார்த்தது அதுதான் முதல் தடவை. சிலர் என்னைத் திட்டினார்கள், முகத்துக்கு நேராகவே. மாடிப் பிள்ளைகள் மூவரும் வந்து கருவாட்டுக் குழம்போடு மூன்று மூன்று சொம்பு குடித்தார்கள்.

இப்போதும் ஞாயிறு காலையில் என்னைக் கூப்பிடுகிறார்கள், போகிறேன். மஞ்சள் கடல் அம்மா பேசுகிற இடம் வந்தால் நான்தான். சில நாள் அவள் வருகிறாள், சில நாள் வருவதில்லை. கதைக்காரன் அதற்கென்று ஒரு விதியே எழுதிவிட்டான். நான் காய் உருட்டுகிறேன்.

இட்லியம்மா நாலு மாசம் என்னிடம் பேசவில்லை. நான் போய் நின்றால் பொட்டலத்தை நீட்டுவாள், முகம் வேறு பக்கம் இருக்கும். அவள் வீட்டுக்காரர் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து, முன் பாதம் போன காலை நீட்டிக்கொண்டு, சட்னிக் கவர் முடிச்சுப் போடுவார். அவர் மட்டும் தலையாட்டுவார். போன மாசம் ஒரு நாள், கூட்டம் குறைந்த பிறகு, பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டே அவள் கேட்டாள்.

"மாடியில பசங்களோட சேந்து சாமி ஆடறியாமே?"

"ஆமாம்மா. சும்மா. வெளையாட்டு."

"எல்லாருக்கும் தெரியுமா அது வெளையாட்டுன்னு?"

"தெரியும்."

அவள் பாத்திரத்தைக் கவிழ்த்து வைத்தாள்.

"அங்கயாவது ஒழுங்கா ஆடு" என்றாள்.